கைட்டா, விங்கா? முதலில் உங்கள் கடலைப் பாருங்கள்

ஆடி மாதத்தில் தனுஷ்கோடிச் சாலையில் வண்டி ஓட்டியவர்களுக்கு அந்தக் காற்று பக்கவாட்டில் எப்படித் தள்ளும் என்று தெரியும். அந்தக் காற்றை நம்பித்தான் ராமேஸ்வரம் தீவிலும், இலங்கையின் கற்பிட்டியிலும் பலகையில் நிற்கும் ஆளைத் தண்ணீரில் இழுத்துப் போகும் பெரிய பட்டங்களான கைட்டுகள் வருடாவருடம் ஏறுகின்றன. சில வருடங்களாக அவற்றுக்கு நடுவே வேறொரு காட்சியும் பார்க்கலாம். கையில் சின்னதாக ஓர் இறக்கையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரைத் தொடாமல் ஓரடி உயரத்தில் சத்தமே இல்லாமல் ஒருவர் போய்க்கொண்டிருப்பார். அதுதான் விங் ஃபாயிலிங்.

பழக ஆசைப்பட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "ரெண்டுல எது சுலபம்?" என்றுதான். நான் இரண்டையும் பழகியவன், கைட் முதலில், விங் பிறகு. என் பதில் எப்போதும் ஒரு எதிர்க்கேள்விதான்: நீங்கள் அடிக்கடி போகப்போகிற கரை எது? அங்கே தண்ணீர் எவ்வளவு ஆழம், மணல் எவ்வளவு அகலம், காற்று எந்தப் பக்கமிருந்து வரும்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது பாதிக்கு மேல் முடிவாகிவிடும். ஆகவே இந்த வழிகாட்டியில் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசப்போகிறேன்.

இரண்டும் எப்படி வேலை செய்கின்றன

கைட்போர்டிங்கில் 20 முதல் 24 மீட்டர் நீளமுள்ள லைன்களின் முனையில் கைட் பறக்கும். அதன் இழுவிசை உங்கள் கைக்கு வராது. இடுப்பில் கட்டிய ஹார்னஸுக்கு வரும். கையில் இருக்கும் பார், கைட்டைத் திருப்புவதற்கும் விசையைக் கூட்டிக் குறைப்பதற்கும்தான். காலில் ஏறத்தாழ 135 முதல் 145 செ.மீ. நீளமுள்ள பலகை. காற்று ஊதி நிரப்பும் கைட்டுக்கு பிரான்ஸின் லெகேன்யூ சகோதரர்கள் 1984-இல் காப்புரிமை வாங்கினார்கள். தண்ணீரில் விழுந்தாலும் மிதந்து, மீண்டும் மேலே ஏறக்கூடிய கைட் கிடைத்த பிறகுதான் இது எல்லோரும் பழகக்கூடிய விளையாட்டானது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதல்முறையாக இடம்பிடித்தது. போட்டிகள் மார்செய் கடலில் நடந்தன.

சின்ன வயதில் பட்டம் விட்டவர்களுக்கு இதன் அடிப்படை ஏற்கனவே கையில் இருக்கிறது. பட்டம் தலைக்கு நேர் மேலே நிற்கும்போது நூல் லேசாக இருக்கும். குத்திக்கொண்டு கீழே பாயும்போதுதான் விரலை அறுக்கும். கைட்டும் அப்படியே. தலைக்கு மேலே இருந்தால் அமைதி, காற்றுக்குக் குறுக்கே பாய்ந்தால் விசை.

விங் வேறு மாதிரி. லைன் கிடையாது. 4 முதல் 6 சதுர மீட்டர் அளவுள்ள, காற்று நிரப்பிய இறக்கையைக் கைப்பிடியில் நேரடியாகப் பிடித்துக்கொள்கிறீர்கள். பலகைக்கு அடியில் 70, 75 செ.மீ. நீளத்தில் ஒரு தண்டு. அதன் நுனியில் விமானத்தின் இறக்கை போன்ற ஃபாயில். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதனால்தான் அவ்வளவு சின்ன ஃபாயில் மெதுவான வேகத்திலேயே ஓர் ஆளைத் தூக்கிவிடுகிறது. விங்குகள் 2019 வாக்கில்தான் கடைகளுக்கு வந்தன. ஆகவே பழைய சாமான் சந்தையில் கைட் அளவுக்கு விங் கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதல் படி: ஆழத்தை அளங்கள்

முக்கியமான படி இதுதான். பலர் தவறவிடுவதும் இதைத்தான்.

கைட் பழக இடுப்பளவு தண்ணீர் சொர்க்கம். விழுந்தால் எழுந்து நிற்கலாம், பலகை தள்ளிப் போனால் நடந்துபோய் எடுக்கலாம், பயிற்சியாளர் பக்கத்திலேயே நின்று பேசலாம். கற்பிட்டிக் களப்பு உலகம் முழுக்க இருந்து ஆட்களை இழுப்பதற்கு இதுவே காரணம்: அலையில்லாத, ஆழமில்லாத நீர், மேலே தடையில்லாத காற்று. தனுஷ்கோடி மணல் திட்டை ஒட்டிய ஆழமில்லாத நீர்ப்பரப்புகளும் அப்படியே.

அதே இடத்துக்கு விங் ஃபாயிலைத் தூக்கிக்கொண்டு போனால் கதை மாறிவிடும். 75 செ.மீ. தண்டு, அதற்குக் கீழே ஃபாயில். இடுப்பளவு தண்ணீரில் நீங்கள் கொஞ்சம் அழுத்தினாலே தரையில் தட்டும். வேகமாகப் போகும்போது தட்டினால் பலகை அங்கேயே நின்றுவிடும், நீங்கள் நிற்க மாட்டீர்கள். தலைகுப்புறப் போய் விழுவது அந்த ஆழமில்லாத தண்ணீரில். தொடக்கநிலைக்காரருக்கு நெஞ்சளவு தண்ணீர்தான் குறைந்தபட்சம், அதற்கு மேல் இருந்தால் இன்னும் நிம்மதி. பாக் விரிகுடாப் பக்கம் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள்தான் இருக்கும். ஆனால் ஆழமே ஒரு மீட்டர் இருக்கிற இடத்தில் அரை மீட்டர் வற்றினாலும் ஃபாயிலுக்கு இடமில்லை. கீழே கடற்புல்லோ பவளமோ இருந்தால் ஃபாயில் அதையும் கிழிக்கும். மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் கடற்பசு மேய்வது அந்தப் புல்லைத்தான். அங்கே ஃபாயிலை இறக்காதீர்கள் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாம் படி: மணலின் அகலமும் காற்றின் திசையும்

கைட்டுக்குக் கரையில் இடம் வேண்டும். லைன்களே 24 மீட்டர். அதற்கப்பால் காற்று போகும் பக்கத்தில் படகு, மரம், மின்கம்பி, வலை காயவைக்கும் கம்பு, குளிக்க வந்த குடும்பம் எதுவும் இருக்கக்கூடாது. குறைந்தது 100 மீட்டராவது வெறும் மணலோ வெறும் தண்ணீரோ இருப்பது நல்லது. நம் மீனவ ஊர்களின் கரைகளில் வரிசையாகப் படகுகள் ஏற்றி வைத்திருப்பார்கள். அங்கே கைட் ஏற்றுவது அவர்களுடைய பிழைப்புக்கும் உங்கள் உயிருக்கும் நல்லதல்ல. விங்குக்கு ஓர் ஆள் நடந்து போகும் இடம் போதும். குறுகலான கரை, படித்துறை, ஏரிக்கரை எங்கிருந்தும் இறங்கலாம்.

திசைக்கு வருவோம். கரைக்குப் பக்கவாட்டில், சற்றே கரையை நோக்கி அடிக்கிற காற்றுதான் பழக ஏற்றது. ஏதாவது தவறினாலும் அது உங்களைக் கரையில் கொண்டுவந்து சேர்க்கும். கரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்றில் தொடக்கநிலைக்காரர் இறங்கவே கூடாது. இதைச் சொல்வது சுலபம், ஏமாறுவதும் சுலபம். காரணம், காற்று நிலத்தைத் தாண்டி வரும் பக்கம்தான் தண்ணீர் கண்ணாடி மாதிரி அலையில்லாமல் இருக்கும். ராமேஸ்வரம் தீவையே எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கோடையில் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தெற்குக் கரையில் அலை மோதும், வடக்குக் கரையில் கடல் தூங்கும். புதியவர் கண்ணுக்கு வடக்குக் கரைதான் பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் அங்கே காற்று உங்களைத் திறந்த கடலுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். வாடைக் காலத்தில் இதுவே தலைகீழ். அந்த மாதிரிப் பக்கத்தில் பழகுவதென்றால் மீட்புப் படகு தயாராக இருக்க வேண்டும், அல்லது சுற்றிலும் மணல் அடைத்த நீர்ப்பரப்பாக இருக்க வேண்டும்.

எந்தக் காற்று எந்த நேரத்தில் எப்படித் திரும்பும் என்று கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரிடம் கேளுங்கள். "கச்சான் (தென்மேற்குக் காற்று) எப்ப விழும்? வாடை எப்ப எடுக்கும்?" என்று அவர்கள் மொழியிலேயே கேட்டால் செல்பேசிச் செயலி சொல்லாததையும் சொல்வார்கள்.

மூன்றாம் படி: காற்றின் பலம்

கடல்காரர்கள் காற்றை நாட் கணக்கில் சொல்வார்கள். 1 நாட் என்றால் மணிக்கு 1.85 கி.மீ. தண்ணீரில் ஆங்காங்கே வெள்ளை நுரை தெரிய ஆரம்பித்தால் 10 நாட்டைத் தாண்டுகிறது, எங்கு பார்த்தாலும் வெள்ளையாக இருந்தால் 15 தாண்டியிருக்கும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு விளையாட்டுகளையும் பழக 15 முதல் 20 நாட் நல்ல அளவு. 75 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அந்தக் காற்றில் 10 அல்லது 12 சதுர மீட்டர் கைட், இல்லையென்றால் 5 அல்லது 6 சதுர மீட்டர் விங் பொருந்தும்.

ஒரு கணக்கை மட்டும் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். 12 நாட்டில் சாதுவாக இருந்த அதே கைட் 24 நாட்டில் வேறு மிருகம்.

கற்பிட்டியில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று நாள்தோறும் பலமாக அடிக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை இன்னொரு பருவம் உண்டு, அது சற்று மென்மையானது. ராமேஸ்வரத்திலும் கோடைக் காற்று, வாடைக் காற்று என்று இதே போல இரண்டு பருவம். சென்னைக் கரையில் கோடை மதியங்களில் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று வரும், ஆனால் பல நாள் பலம் போதாது. கரையிலேயே அலை உடைவதால் ஃபாயிலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவதும் கஷ்டம். இரண்டில் எதைப் பழகுவதானாலும் பருவம் பார்த்து ஒரு வாரம் விடுமுறை போட்டுப் போவதுதான் பலன் தரும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று பழகினால் போன வாரம் கற்றது இந்த வாரம் மறந்திருக்கும்.

நான்காம் படி: பயிற்சி எப்படிப் போகும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கைட்டில் முதல் நாள் பலகையைத் தொடவே மாட்டீர்கள். மணலில் நின்று 2, 3 சதுர மீட்டர் பயிற்சிக் கைட்டைப் பறக்கவிடுவீர்கள். வானத்தைக் கடிகார முகமாகப் பிரித்துச் சொல்லித் தருவார்கள்: தலைக்கு நேர் மேலே 12 மணி, இடது ஓரம் 9, வலது ஓரம் 3. "10-இல் நிறுத்து, 1-க்குக் கொண்டுவா" என்று பயிற்சியாளர் கத்துவார். அடுத்தது தண்ணீரில் உடம்பை மட்டும் கைட் இழுத்துப் போகப் பழகுவது. ஒரு கையால் கைட்டை ஓட்டி, இன்னொரு கையை நீட்டித் துடுப்பாக்கி, காற்றுக்கு எதிர்ப்பக்கம் கிடக்கும் பலகையைப் போய் எடுப்பது. இதைப் பலர் சலிப்போடு செய்வார்கள். ஆனால் தனியாகக் கடலில் நிற்கும் நாளில் உங்களைக் காப்பாற்றுவது இதுதான். அப்புறம்தான் பலகை. ஏறத்தாழ 10 மணி நேரப் பயிற்சியில் பெரும்பாலோர் எழுந்து நின்று சில மீட்டர் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு முன்னேற்றம் வேகமாக இருக்கும். கிளம்பின இடத்துக்கே திரும்பி வரும் அளவுக்குக் காற்றை எதிர்த்துப் போகக் கற்ற நாளில்தான் நீங்கள் கைட்காரர்.

விங்கில் முதல் மணி நேரத்திலேயே தண்ணீரில் இருப்பீர்கள். மணலில் கொஞ்ச நேரம் விங்கைப் பிடித்துப் பழகிவிட்டு, பெரிய பலகையில் முட்டி போட்டு, பிறகு நின்று போகலாம். அந்தச் சந்தோஷம் உடனே கிடைக்கும். ஏற வேண்டிய மலை வருவது அதற்குப் பிறகு. ஃபாயில் மேலே எழும்பும்போது பலகை துள்ளும், பயந்து பின்னால் சாய்வீர்கள், இன்னும் மேலே ஏறித் தொப்பென்று விழுவீர்கள். மீண்டும் பலகையில் ஏறி, விங்கைத் திருப்பி, மண்டியிட்டு எழுந்து... ஒரு மணி நேரத்தில் இப்படி 30, 40 முறை. தோளும் தொடையும் கெஞ்சும். நிதானமாகப் பறக்க 10 முதல் 20 மணி நேரம் ஆகலாம். விழாமல் திரும்பக் கற்க இன்னும் பல வாரங்கள். முடிந்தால் படகின் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஃபாயிலை மட்டும் ஒருமுறை தனியாகப் பழகுங்கள். எந்தக் காலை எப்போது அழுத்துவது என்பது அங்கே பிடிபடும், கடலில் பல நாள் மிச்சமாகும்.

ஐந்தாம் படி: ஆபத்தைப் பெயர் சொல்லி அறியுங்கள்

கைட்டின் ஆபத்து பெரும்பாலும் கரையிலும் கரையோரத்திலும்தான். கைட்டை ஏற்றும் நிமிடமும் இறக்கும் நிமிடமும் மிக மோசமானவை. பழகி இரண்டாவது பருவத்தில், மேகம் கறுத்து வருவதைப் பார்த்தும் "இன்னும் பத்து நிமிஷம்" என்று நான் நின்றேன். திடீர்க் காற்று வந்து என்னை மணலில் முப்பது அடி இழுத்துப் போனது. கைட்டின் இழுவிசையை உடனே விடுவிக்கும் பாதுகாப்புக் கொக்கியைக் கை தானாகத் தள்ளிவிட்டதால் தோள் சிராய்ப்போடு போயிற்று. கை தானாகப் போனதற்குக் காரணம், முதல் பயிற்சியில் அதை ஐம்பது முறை செய்யவைத்ததுதான். நீங்களும் ஒவ்வொரு முறை இறங்குவதற்கு முன்னும் அந்தக் கொக்கியை ஒருமுறை விடுவித்து, மறுபடி மாட்டிப் பாருங்கள். லைனை விரலில் சுற்றவே சுற்றாதீர்கள். ஹார்னஸில் லைன் வெட்டும் கத்தி இருக்கட்டும். மழைமேகமோ இடியோ தெரிந்தால் கைட் தரையில் இருக்க வேண்டும்.

விங்கில் கையை விட்டால் விசை போய்விடும். லீஷ் என்கிற கயிற்றால் மணிக்கட்டில் கட்டிய விங் தண்ணீரில் சும்மா படபடக்கும். அந்த ஒரு காரணத்துக்காகவே இது மனதுக்கு நிம்மதியானது. அதன் ஆபத்து காலடியில் இருக்கிறது: ஃபாயிலின் விளிம்பு கூர்மையானது. விழும்போது பலகையைப் பிடித்துக்கொள்ள நினைக்காமல், அதிலிருந்து விலகித் தட்டையாக விழுங்கள். தலைக்கவசம், விலா எலும்பைக் காக்கும் மிதவை அங்கி இரண்டும் இல்லாமல் ஏறாதீர்கள்.

காற்று திடீரென்று நின்றுபோனால்? விங்காரர் தன் பலகையின் மேல் படுத்துக் கையால் துடுப்பு போட்டு வந்துவிடலாம். கைட் தண்ணீரில் விழுந்தால் காற்றில்லாமல் எழாது. லைன்களை முறையாகச் சுற்றி, கைட்டையே மிதவையாக்கி, அதைப் பிடித்துக்கொண்டு கரை சேர வேண்டும். இந்தச் சுயமீட்பைத் தண்ணீரில் செய்து காட்டவும் உங்களைச் செய்யவைக்கவும் மறுக்கிற பயிற்சியாளரிடம் கைட் கற்காதீர்கள்.

ஆறாம் படி: உடம்பு, துணை, பணம்

நீந்தத் தெரிய வேண்டும், இரண்டுக்கும். கைட்டுக்குப் பெரிய பலம் தேவையில்லை, பதற்றப்படாத மனம் வேண்டும். விங்குக்கு முட்டி, தோள், சமநிலை மூன்றும் வேலை செய்யும். ஏற்கனவே பாய்மரப் படகோ விண்ட்சர்ஃபிங்கோ தெரிந்தவர்களுக்கு விங் சீக்கிரம் வரும்.

கைட் தனியாள் விளையாட்டல்ல. ஏற்றவும் இறக்கவும் விவரம் தெரிந்த ஒருவர் கரையில் வேண்டும். உங்கள் ஊரில் வேறு யாரும் கைட் விடுவதில்லை என்றால் அது விங் பக்கம் சாய வலுவான காரணம். ஆனாலும் தனியாகக் கடலுக்குப் போவதை நான் விங்கிலும் ஏற்கமாட்டேன்.

சாமானைப் புதிதாக வாங்கினால் இரண்டுமே லட்சங்களில்தான் போகும். பயிற்சி முடியும்வரை எதையும் வாங்காதீர்கள். விங் வாங்குவோர் செய்யும் பெரிய தவறு சின்னப் பலகை வாங்குவது. உங்கள் எடை 75 கிலோ என்றால் பலகையின் கனஅளவு 105 முதல் 115 லிட்டர், ஃபாயிலின் முன் இறக்கை 1800 சதுர செ.மீ. அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். கைட் பழையதாக வாங்கினால் காற்று நிரப்பி ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள், கசிகிறதா என்று தெரிந்துவிடும். லைன்கள் நான்கும் சம நீளமா என்று இழுத்துப் பாருங்கள். பழைய மாடல் பாதுகாப்புக் கொக்கி இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

ஏழாம் படி: முடிவெடுங்கள்

வருடத்துக்கு ஒரு முறை கற்பிட்டியிலோ ராமேஸ்வரத்திலோ ஒரு வாரம் தங்க முடியும், மற்ற நாள் கடலே பார்ப்பதில்லை என்பவர்களுக்குக் கைட். ஆழமில்லாத நீர், நிலையான காற்று, சுற்றிலும் கைட்காரர்கள் என்று எல்லாமே அங்கே அதற்கு அமைந்திருக்கிறது. உயரத் தாவ வேண்டும் என்பதுதான் உங்கள் கனவென்றாலும் கைட்தான். விங் அந்த அளவுக்குத் தூக்காது.

வீட்டுக்குப் பக்கத்தில் ஆழமான ஏரியோ கழியோ வளைகுடாவோ இருக்கிறது, கரை குறுகல், காற்று 15 நாட்டுக்குப் பக்கம் வருகிறது, வாரம் இரண்டு நாள் போகலாம் என்றால் யோசிக்காமல் விங். குழந்தைகள் இருக்கிறார்கள், லைன்களை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது என்பவர்களுக்கும் அதுவே. அந்தப் பயம் நியாயமானது, அதை அடக்கிக்கொண்டு கைட் பழக வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

இரண்டும் பொருந்துகிற பாக்கியம் உங்களுக்கு இருந்தால், ஒரு பருவத்துக்கு ஒன்றை மட்டும் எடுங்கள். ஒரே வாரத்தில் காலையில் கைட், மாலையில் விங் என்று தொடங்கியவர்கள் இரண்டையும் பாதியில் விட்டதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை. நீங்கள் நினைத்திருக்கும் கரைக்கு நீர் வற்றியிருக்கும் நேரத்தில் போங்கள். மதியம் மூன்று மணி வாக்கில், காற்று எடுத்திருக்கும்போது போனால் இன்னும் நல்லது. உங்கள் நெஞ்சுயரத்துக்கு ஒரு கம்பு எடுத்துக்கொண்டு தண்ணீரில் ஐம்பது மீட்டர் நடந்து பாருங்கள். காலைத் தூக்கி வைக்காமல் மணலில் இழுத்து இழுத்து நடங்கள், மணலுக்குள் திருக்கை படுத்திருந்தால் அது விலகிப் போய்விடும். கரைக்குத் திரும்பி வந்து, ஒரு பிடி காய்ந்த மணலை விரலிடுக்கில் விடுங்கள். அது கரைப் பக்கம் பறக்கிறதா, கடல் பக்கம் பறக்கிறதா என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.